எளிமைக் குழு மேற்பார்வையில் ஒரு கல்யாணம்

என் வீடு இரண்டாம் மாடியில், படிக்கட்டுக்கு நேர் எதிரே. காற்று வரட்டும் என்றுதான் கதவைத் திறந்து வைத்திருக்கிறேன். காற்றோடு சேர்ந்து வேறு சில சங்கதிகளும் உள்ளே வந்துவிட்டால் அதற்கு நான் பொறுப்பல்ல. இருபத்திரண்டு வீடுகள், ஐந்து மாடி, ஒரே படிக்கட்டு. யார் யாரோடு சிரித்துக்கொண்டு ஏறினார்கள், யார் யார்மேல் எரிந்து விழுந்துகொண்டு இறங்கினார்கள் என்பதெல்லாம் என் வாசலைத் தாண்டித்தான் போயாக வேண்டும்.

லிஃப்ட் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் பழுதாகி நின்றது. ‘பழுது நீக்கப்பட்டது’ என்று குடியிருப்போர் நலச் சங்கத்தின் மினிட்ஸ் புத்தகத்தில் எழுதி, எல்லோரும் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. அன்று முதல் லிஃப்ட் மினிட்ஸ் புத்தகத்தில் ஒரு குறையுமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. நாங்கள் படியேறிக்கொண்டிருக்கிறோம்.

மூன்றாம் மாடியில் அக்கா தங்கை இருவர். தங்கை நகராட்சிக் குளத்தில் நீச்சல் சொல்லிக் கொடுக்கிறவள். நீச்சல் டீச்சர் என்றால்தான் இங்கே தெரியும். அக்கா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறாள். நூறடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, கீழே நிற்பவன் காட்டும் சைகையைப் பார்த்துப் பெட்டி பெட்டியாகச் சரக்கைத் தூக்கி வைக்கிற வேலை. நாள் முழுக்க ஒரு ஜீவனோடும் பேச வேண்டாம். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. பதினோரு வருடமாக நானும் பேச்சுக் கொடுத்துப் பார்க்கிறேன். “சாப்பிட்டாச்சா?” என்றால் தலையாட்டுவாள். “எங்க கிளம்பிட்டீங்க?” என்றால் கையைக் காட்டுவாள். அவ்வளவுதான். அம்மா போனபோது தங்கைக்கு ஒன்பது வயது, இவளுக்குப் பத்தொன்பது. ஒரு வார்த்தை பேசாமல் ஒரு பெண்ணை வளர்த்து ஆளாக்க முடியும் என்பதை நான் கண்ணால் பார்த்தவள்.

மாப்பிள்ளை கீழ்த்தளத்து ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிற பையன். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறான். டீச்சருக்குக் கிட்டப்பார்வை. பவர் வைத்த நீச்சல் கண்ணாடி செய்து தருகிறேன் என்று ஆரம்பித்தான். ஒரு கண்ணாடிக்கு எத்தனை தடவை அளவெடுக்க வேண்டியிருந்தது என்று என் கதவுக்குத்தான் தெரியும்.

இரண்டு பேரும் பதிவு அலுவலகத்தில் ஒரு புதன்கிழமை கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள். ஆனால் அது கல்யாணம் இல்லையாம், தாளாம். கல்யாணம் அடுத்த வாரம் சனிக்கிழமை, நாலு மணிக்கு, மொட்டை மாடியில். மண்டபம் வேண்டாம், மேடை வேண்டாம், அழைப்பிதழ் வேண்டாம், போட்டோவுக்கு வரிசையில் நிற்க வேண்டாம். அவரவர் வீட்டிலிருந்து ஆளுக்கொரு நாற்காலி. குளத்தில் வேலை செய்யும் தோழி கேக் செய்வாள். மாப்பிள்ளையின் தாய்மாமா, ரிட்டையரான பஸ் கண்டக்டர், கூட்டத்தைப் பார்த்துக்கொள்வார்.

“எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும்,” என்று டீச்சர் படிக்கட்டில் சொல்லிக்கொண்டு போனாள். “அக்கா நடுவுல நின்னு நாலு வார்த்தை பேசி எங்க கையச் சேர்த்து வைக்கணும். வேற எதுவும் இல்லாட்டியும் பரவாயில்ல.”

அக்கா தலையாட்டினாள். ஆட்டியது மட்டுமில்லை. அன்று முதல் கூண்டுக்குள் தனியாகப் பேசிப் பழகுகிறாளாம். வயர்லெஸ்ஸை அணைக்க மறந்துபோய், கீழே இருந்தவர்கள் ஒருநாள் கேட்டு வாயடைத்துப் போனார்களாம். துறைமுகக் கேண்டீன்காரி என் ஓரகத்திக்குச் சிநேகிதி, ஆகவே செய்தி உறுதியானது. சனிக்கிழமையை விட்டால் வேறு நாள் இல்லை. ஞாயிறு விடியற்காலை அக்காவுக்கு விமானம். வேறொரு நாட்டுத் துறைமுகத்தில் மூன்று வருட ஒப்பந்தம். நடுவில் விடுப்பே கிடையாது.

மொட்டை மாடிக்கு அனுமதி வேண்டும். அனுமதிக்குச் சங்கம்.

சங்கத்தின் அலுவலகம் படிக்கட்டுக்கு அடியில், முன்பு மின்சார மீட்டர்கள் இருந்த அறை. ஒரு மேசை, ஒரு இரும்பு அலமாரி, மூன்று ரப்பர் முத்திரைகள், சட்டம் போட்டு மாட்டிய விதிமுறைகள். செயலாளர் எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்திரண்டு வருட சர்வீஸில் ஒரு தராசுகூட அவரை ஏமாற்றியதில்லை. நேர்மையான மனிதர். அதில்தான் சிக்கலே. மாப்பிள்ளை விண்ணப்பத்தோடு போன சமயம், தண்ணீர் எப்போது விடுவார்கள் என்று கேட்க நானும் தற்செயலாக அங்கே போயிருந்தேன்.

“என்ன நிகழ்ச்சி?”

“கல்யாணம் சார்.”

“சந்தோஷம். மேடை எத்தனைக்கு எத்தனை?”

“மேடை இல்ல சார்.”

“வளைவு?”

“என்ன வளைவு சார்?”

“வரவேற்பு வளைவு. பேரெழுதி, பூ வெச்சு.”

“அதெல்லாம் இல்ல சார். சும்மா நாலு பேர் சேர்ந்து...”

“லெட்டர்ல நாப்பதுன்னு எழுதியிருக்கே?”

“நாப்பதுதான் சார். நாலு பேர்ங்கறது பேச்சுக்குச் சொன்னேன்.”

“பேச்சுக்கெல்லாம் நான் அனுமதி குடுக்கறதில்ல தம்பி. சரி, நடத்தி வைக்கிறவர்?”

“அவளோட அக்கா.”

“தகுதி?”

“கிரேன் ஓட்டுறாங்க. இவள வளர்த்ததே அவங்கதான் சார்.”

செயலாளர் பேனாவை மூடினார். “வளர்த்தது தகுதி இல்ல தம்பி. அது சம்பவம்.”

பிறகு சட்டத்துக்குள் மாட்டியிருந்த விதியைச் சுட்டிக்காட்டி விளக்கினார். மொட்டை மாடி நிகழ்ச்சிகள் இரண்டே வகை. ஒன்று, கல்யாணம். மற்றொன்று, மற்றவை. மேடை, வளைவு, வரிசை மூன்றும் இருந்தால் கல்யாணம்.

“மற்றவைல என்னென்ன சார் வரும்?”

“தண்ணித் தொட்டி கழுவறது. இரங்கல் கூட்டம். கொசு மருந்து அடிக்கிறது.” செயலாளரின் முகம் லேசாக மலர்ந்தது. “போன தடவை கொசு மருந்து ரொம்பச் சிறப்பா நடந்துது.”

மாப்பிள்ளை என்னைப் பார்த்தான். நான் தண்ணீரைப் பற்றிக் கேட்டேன்.

மறுநாள் மாலையே விஷயம் செயற்குழுவுக்குப் போனது. எங்கள் சங்கத்தின் கூட்டங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மற்ற சங்கங்களில் கூட்டம் முடிந்தபிறகு மினிட்ஸ் எழுதுவார்களாம். எங்கள் செயலாளர் அதைச் சோம்பேறித்தனம் என்பார். இங்கே மினிட்ஸ் முந்தின நாளே தயார். கூட்டத்தில் அவர் அதை நிறுத்தி நிதானமாக வாசிப்பார். நாங்கள் அதன்படி நடந்துகொள்வோம். “இந்த இடத்தில் நான்காம் மாடி உறுப்பினர் ஆட்சேபம் தெரிவித்தார்,” என்று வாசித்தால், அதுவரை தூங்கிக்கொண்டிருந்த நான்காம் மாடிக்காரர் திடுக்கிட்டு எழுந்து, “ஆட்சேபிக்கிறேன்,” என்பார். பிறகு பக்கத்திலிருப்பவரிடம், “எதுக்கு?” என்று கேட்டுத் தெரிந்துகொள்வார். கடைசியில் எல்லோரும் கையெழுத்துப் போடுவோம். கையெழுத்து விழுந்தால் அந்தக் காரியம் நடந்ததாக அர்த்தம். எங்கள் லிஃப்டைப் போல.

தலைவர் பல் டாக்டர். எதிரில் இருப்பவர் வாயில் பஞ்சு இருக்கிற நிலையிலேயே வாழ்நாளெல்லாம் கேள்வி கேட்டுப் பழகியவர். பதிலுக்குக் காத்திருக்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

“எதுக்கு இப்படி ஒரு கல்யாணம்? வீட்ல சம்மதம்தானே? நல்லது, நல்லது. உட்காருங்க,” என்றார். மாப்பிள்ளை வாயைத் திறந்தான். அதற்குள் உபதலைவி எழுந்துவிட்டாள்.

உபதலைவியின் கல்யாணம் மூன்று நாள் நடந்தது, ஆயிரத்து இருநூறு பேர் வந்தார்கள். அதை அவளே வாரத்துக்கு ஒருமுறை சொல்லுவாள். கூட்டத்தில் அவள் ஆற்றிய உரையை அப்படியே தருகிறேன். அவளுக்காக மினிட்ஸில் ஒன்றரைப் பக்கம் ஒதுக்கப்பட்டிருந்தது.

“எளிமையைப் பத்தி யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டாம். என் கல்யாணத்துலயே மூணாவது நாள் எளிமையாத்தான் நடந்துச்சு. ஆனா ஒண்ணு. எளிமைங்கறது தானா வராது. அதுக்கு உழைக்கணும். பத்துப் பேர் ராப்பகலா பாடுபட்டாத்தான் ஒரு கல்யாணம் எளிமையா இருக்கும். இந்தப் பசங்க பாட்டுக்கு விட்டுட்டா எளிமையா இருக்காது, சும்மா இருக்கும். சும்மா இருக்கறத நம்ம மாடியில அனுமதிக்க முடியுமா? நாளைக்கு எல்லாரும் சும்மா வந்து நிப்பாங்க. அதனால ஒரு எளிமைக் குழு அமைக்கணும். தலைமைப் பொறுப்ப என்மேல திணிச்சா நான் என்ன செய்ய முடியும்?”

திணித்தார்கள். பதினோரு பேர் கொண்ட எளிமைக் குழு அமைந்தது. கல்யாணம் ‘மற்றவை’யிலிருந்து ‘மேற்பார்வைக்குட்பட்ட எளிமை’ என்ற புது வகைக்கு உயர்ந்தது. மாப்பிள்ளை நன்றி சொன்னான். வேறு என்ன செய்வான், பாவம்.

குழு முதலில் நாற்காலிகளைப் பார்வையிட்டது. வீட்டுக்கொரு நாற்காலி என்றால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருக்க வேண்டும், அதுதான் எளிமையின் அழகு என்று உபதலைவி கண்டுபிடித்திருந்தாள். எங்கள் வீட்டு நாற்காலியும் எதிர்வீட்டு நாற்காலியும் ஒரே கடையில் வாங்கியவை. ‘திட்டமிட்ட தோற்றம்’ என்று இரண்டும் நிராகரிக்கப்பட்டன. நாலாம் மாடியிலிருந்து கால் ஆடுகிற ஒரு நாற்காலி வந்தது, அதைப் பார்த்து, “இதான். இது மாதிரி இன்னும் அஞ்சு வேணும்,” என்றாள். இல்லாத ஐந்துக்காக மாப்பிள்ளை கடையிலிருந்து வந்து உப்புத்தாள் வைத்து நல்ல நாற்காலிகளின் காலைத் தேய்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். லென்ஸ் தேய்க்கிற கை. அரை மில்லிமீட்டர் பிசகாமல் ஆட வைத்துவிட்டான்.

அடுத்து வந்தது அன்புப் படிவம். மொட்டை மாடியில் வெளி ஒப்பந்தக்காரர்கள் வேலை செய்யக் கூடாது என்று விதி. அப்படியானால் கேக் செய்கிற தோழி யார்? பாட்டுப் பெட்டி கொண்டுவருகிற சிநேகிதன் யார்?

“பிரியமானவங்க சார். உதவிக்கு வர்றாங்க,” என்றான் மாப்பிள்ளை.

“ஒப்பந்தக்காரனும் அப்படித்தான் சொல்லுவான்,” என்றார் செயலாளர். ஆகவே உதவி செய்கிற ஒவ்வொருவரும் தாம் பிரியமானவர்தான் என்பதை உரிய படிவத்தில் நிறுவ வேண்டும் என்று முடிவாயிற்று. எவ்வளவு பிரியம் என்று பத்துக்கு இத்தனை எனக் குறிக்க ஒரு கட்டம்.

கண்டக்டர் மாமா படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அன்ப எப்படிங்க அளக்கறது?”

“முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ்ல அளக்க முடியாத பொருள்னு ஒண்ண நான் பார்த்ததில்ல,” என்றார் செயலாளர்.

“அப்ப எட்டு போட்டுக்கங்க. தங்கச்சி மகன்தான். ஆனா பய போனே பண்ண மாட்டான்.”

“மாமா!” என்றான் மாப்பிள்ளை.

“உண்மையச் சொன்னா கோவம் வருது பாருங்க. ஏழாக்கிடுங்க.”

ஏழுக்கு மேல்தான் முழு அன்பர். ஏழும் அதற்குக் கீழும் ‘நிபந்தனைக்குட்பட்ட அன்பர்’. அவர்கள் மாடிக்கு வரலாம், உட்காரலாம், சுயமாக உற்சாகப்படக் கூடாது. மாமாவுக்கு நீலச் சீட்டு கொடுத்தார்கள். முப்பத்தெட்டு வருடம் ஊருக்கே சீட்டுக் கிழித்துக் கொடுத்த மனிதர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, “எறங்கற எடம் எழுதலையே,” என்றார்.

கிரேன் அக்காவின் படிவம்தான் பெரிய தலைவலி. நடத்தி வைப்பவர் என்பதால் அவளுக்குத் தனிக் கேள்வி: ‘மணமகளிடம் தங்களுக்குள்ள பாசத்தை ஐம்பது சொற்களில் விவரிக்கவும்.’ அவள் ‘தங்கச்சி’ என்று எழுதிக் கொடுத்தாள். நாற்பத்தொன்பது சொற்கள் குறைவு என்று திரும்பி வந்தது. இரண்டாம் முறையும் ‘தங்கச்சி’ என்றே எழுதினாள், கொஞ்சம் பெரிய எழுத்தில்.

மாப்பிள்ளை என் வாசலருகே அவளை மடக்கிக் கெஞ்சினான். “அக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். என்னமாவது எழுதிக் குடுத்துடுங்க. இல்லேன்னா உங்களப் பேச விட மாட்டாங்க.”

அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, “சனிக்கிழமை சொல்றேன்,” என்றாள். பதினோரு வருடத்தில் அவள் வாயிலிருந்து நான் கேட்ட மிக நீண்ட வாக்கியம் அது. அவள் படியேறிப் போன பிறகு மாப்பிள்ளையே உட்கார்ந்து மிச்ச நாற்பத்தொன்பது சொற்களையும் எழுதினான். ‘மிகவும்’ என்பது பதினான்கு தடவை வந்தது. செயலாளர் எண்ணிப் பார்த்து ஏற்றுக்கொண்டார்.

வியாழக்கிழமை சாவகாச ஒத்திகை. “கல்யாணம் சாவகாசமா இருக்கணும்னா, யார் எப்ப சாவகாசமா இருக்கணும்னு முன்னாடியே தெரியணும்ல?” என்றாள் உபதலைவி. நாலு மணிக்கு வரவேற்பு. நாலு பத்து முதல் நாலு இருபது வரை இயல்பான உரையாடல். நாலு இருபத்தொன்றுக்குச் சிரிப்பு.

அன்று டீச்சருக்குக் குளத்தில் வகுப்பு. மாப்பிள்ளைக்குக் கடையில் லீவு கிடைக்கவில்லை. அக்காவுக்குத் துறைமுகத்தில் கடைசி நாள். ஒத்திகைதானே, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். குழு பார்த்துக்கொண்டது. உபதலைவி மணமகளாக நின்றாள். பல் டாக்டர் மணமகன், “சம்மதம்தானே?” என்று அவரே கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் நகர்ந்தார். அக்கா இடத்தில் செயலாளர் நின்றார். வழக்கம்போல அவர் கையில் மினிட்ஸ் தயாராக இருந்தது. சனிக்கிழமைக் கல்யாணத்துக்கான மினிட்ஸ். அவர் வாசிக்க வாசிக்க நாங்கள் வந்தோம், உரையாடினோம், சிரித்தோம், நெகிழ்ந்தோம். எனக்கே கண் கலங்கியது. உபதலைவி அவ்வளவு அடக்கமாக நின்று நான் பார்த்ததே இல்லை.

முடிந்ததும் செயலாளர், “சனிக்கிழமை எல்லாரும் கை துடைச்சுட்டு ஒவ்வொரு பக்கமாப் போயிடுவீங்க. இப்பவே கையெழுத்துப் போட்டுடுங்க,” என்று புத்தகத்தை நீட்டினார். வரிசையாகப் போட்டோம். நானும் போட்டேன், சிற்றுண்டித் தட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு.

அப்போதுதான் அந்த நேர்மையான மனிதர் அந்தக் காரியத்தைச் செய்தார். மினிட்ஸில் தேதி சனிக்கிழமை என்று இருந்தது. கையெழுத்து விழுந்ததோ வியாழக்கிழமை. இன்னும் வராத தேதியில் கையெழுத்து வாங்குவது முறைகேடு இல்லையா? முப்பத்திரண்டு வருட சர்வீஸில் அவர் செய்யாத ஒன்று. சனிக்கிழமையை ஒரே கோடாக அடித்து, வியாழக்கிழமை என்று திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்து, முத்திரையும் குத்தினார்.

சனிக்கிழமை மூன்றரை மணிக்குப் படிக்கட்டு நிறைய நாற்காலி. ஆடுகிற கால் நாற்காலிகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆட்கள் ஏறினார்கள். தோழி மூன்றடுக்குக் கேக்கை ஒவ்வொரு படியாகத் தூக்கிக்கொண்டு போனாள். டீச்சர் மஞ்சள் கவுன். அக்கா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டிருந்தாள். உதடு மட்டும் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தது.

ஐந்தாம் மாடிக்கு மேலே, மொட்டை மாடிக் கதவில் பூட்டு.

வாட்ச்மேன் பதிவேட்டைப் பார்த்தார். “நிகழ்ச்சி முடிஞ்சுது, சாவி ஒப்படைச்சாச்சுன்னு போட்டிருக்குங்க.”

“எந்த நிகழ்ச்சி?” என்றான் மாப்பிள்ளை.

“உங்க கல்யாணந்தாங்க. வியாழக்கிழமை.”

செயலாளரைக் கூப்பிட்டார்கள். அவர் மூச்சிரைக்க மேலே வந்து, புத்தகத்தைப் பிரித்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். ஒரு நிமிடம் அந்த மனிதர் உண்மையிலேயே தவித்தார். பிறகு விதி அவரைக் காப்பாற்றியது.

“ஒரு குடும்பத்துக்குப் பன்னெண்டு மாசத்துல ஒரு தடவைதான் மாடி. உங்களுக்கு ஆயிடுச்சும்மா.”

“சார், நாங்க இன்னும் கல்யாணமே பண்ணிக்கல,” என்றாள் டீச்சர்.

“நீங்க அன்னிக்கு வரல. அது உங்க தரப்புக் குறை. மினிட்ஸ்ல அதக் கண்டிச்சிருக்கலாம். பெருந்தன்மையா விட்டிருக்கோம்.”

“அப்ப கீழ, கார் நிறுத்தற எடத்துலயாவது...”

“எல்லாப் பொது இடத்துக்கும் அதே விதிதான்.”

“எங்க ஃப்ளாட்டுக்குள்ள நாப்பது பேர் நிக்க முடியாது சார். அக்கா நாளைக்குக் காலைல கிளம்பறா.” அவள் பூட்டைப் பிடித்து இழுத்தாள். “நீங்க சொல்லுங்க, நான் என்ன செய்யணும்?”

வழி இருந்தது. மினிட்ஸில் தவறு என்றால் பொதுக்குழு கூடித் திருத்தலாம். உறுப்பினர்கள் எல்லோரும் ஏற்கெனவே அங்கே கையில் நாற்காலியோடு நின்றுகொண்டிருந்தோம். படிக்கட்டிலேயே அவசரப் பொதுக்குழு கூடியது. தீர்மானம்: ‘வியாழக்கிழமை நடந்த கல்யாணம் நடக்கவில்லை.’

“இதுல என்ன பேச்சு? ஒத்திகைதானே நடந்துச்சு? எல்லாருக்கும் தெரியுமே,” என்றார் கண்டக்டர் மாமா.

“நீங்க நிபந்தனைக்குட்பட்டவர்,” என்று நினைவூட்டினாள் உபதலைவி. பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள். “மினிட்ஸ்ல இருக்கற ஒண்ணு நடக்கலன்னு சொன்னா, மினிட்ஸ்ல இருக்கற மத்ததெல்லாம்?”

நான்காம் மாடிக்காரர் பொது நடையில் போட்டு வைத்திருக்கும் செருப்பு அலமாரிக்கு அந்தப் புத்தகத்தில்தான் அனுமதி. முதல் மாடியின் நாய்க்கும் அதில்தான். நான் பால்கனியை ஒன்றரை அடி வெளியே இழுத்துக் கம்பி அடைத்திருக்கிறேன். அதுவும் அதே புத்தகத்தில், அறுபத்தேழாம் பக்கத்தில், இதே கையெழுத்துகளோடு இருக்கிறது. அந்தப் புத்தகம் பொய் என்றால் எங்களில் பாதிப் பேர் வீட்டை இடிக்க வேண்டும்.

வீட்டுக்கு ஒரு ஓட்டு. வாடகைக்காரர்களுக்குக் கிடையாது, ஆகவே மாப்பிள்ளைக்கு, தன் கல்யாணம் நடக்கவில்லை என்று சொல்ல உரிமை இல்லை. அவன் வீட்டுச் சொந்தக்காரர் ஊரில் இல்லை. தீர்மானத்துக்கு ஆதரவாகக் கை தூக்கச் சொன்னார்கள். டீச்சர் தூக்கினாள். அக்காவும் தூக்கினாள், ஒரே வீடு என்பதால் ஒன்றுதான் கணக்கு. டீச்சர் ஒவ்வொரு படியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். என் முகத்திலும் நின்றாள். நான் நாற்காலியின் ஆடுகிற காலைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

எதிராக இருபது.

“வருத்தமா இருக்கும்மா. ஆனா பாருங்க, நல்லபடியாத்தான் நடந்திருக்கு,” என்றார் செயலாளர். சொல்லும்போது அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. அவளை ஆறுதல்படுத்த, அங்கேயே நின்று மினிட்ஸை வாசித்தார். விருந்தினர் மகிழ்ச்சியோடு வந்தனர். இயல்பாக உரையாடினர். மணமகள் அடக்கமாக நின்றார். மணமகன் சம்மதித்தார். டீச்சரும் மாப்பிள்ளையும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, தங்கள் கல்யாணம் எப்படி நடந்தது என்று கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

“மணமகளின் அக்கா சந்தர்ப்பத்துக்கு ஏற்ற சில வார்த்தைகள் பேசினார். கூடியிருந்தோர் நெகிழ்ந்தனர். ஐந்தரை மணிக்கு அனைவரும் கலைந்தனர்.”

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தரை. கலைந்தோம். வெளியிலிருந்து வந்த விருந்தாளிகளும் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு எங்கள் பின்னாலேயே இறங்கினார்கள். தோழி கேக்கைப் படியில் வைத்துவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மேலே ஒரு குரல் பேச ஆரம்பித்தது. பழக்கமில்லாத குரல், கொஞ்சம் கரகரப்பாக, நிதானமாக. சொல் எதுவும் பிடிபடவில்லை. மூன்று மாடி இடையில் இருக்கிறது. குரல் நிற்கவேயில்லை. நடுவில் டீச்சர் சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு இரண்டும் சேர்ந்து கேட்டது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலில் செருப்புப் போடாமல், சுவரோரமாக, ஒவ்வொரு படியாக ஏறினேன்.

ஐந்தாம் மாடித் திருப்பத்தில் கண்டக்டர் மாமா நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், பூட்டிய கதவுக்குக் கீழே, கடைசிப் படியில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எதிரில் அக்காவின் வெள்ளைச் சட்டை முதுகு. மாமா கையை நீட்டி வழியை மறித்தார், பஸ்ஸில் இடமில்லை என்பதுபோல.

“நீங்க எதுக்கும்மா சிரமப்பட்டு ஏறி வர்றீங்க?” என்று ரகசியமாகச் சொன்னார். “அதான் வியாழக்கிழமையே கேட்டு நெகிழ்ந்துட்டீங்களே. கையெழுத்துகூட இருக்கே.”

இறங்கி வந்தேன். ஞாயிறு விடியற்காலை அக்கா பெட்டியோடு என் வாசலைத் தாண்டிப் போனாள். “கிளம்பிட்டீங்களா?” என்று கேட்டேன். தலையாட்டினாள்.

இப்போதும் கேட்கிறார்கள், என்ன பேசினாள் என்று. என் ஓரகத்தி கேட்டாள், கேண்டீன்காரி ஆள் அனுப்பிக் கேட்டாள். இந்தக் கட்டடத்தில் எனக்குத் தெரியாதது ஒன்று உண்டு என்று எப்படிச் சொல்வது? சந்தர்ப்பத்துக்கு ஏற்ற சில வார்த்தைகள் பேசினாள் என்று சொல்லியிருக்கிறேன்.